எலும்பின் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி

பல் சீரமைப்பு மருத்துவர் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தின்மேல் அசிடேட் தாளை ஒட்டி, கூர்சீவிய பென்சிலால் எலும்பின் ஓரங்களை வரைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலையை அசையாமல் நிறுத்திப் படமெடுக்கும் முறையை 1931-ல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டார்கள்.

அந்த ஓரங்களில் குறிக்கும் புள்ளிகளில் ஒன்று, மேல்தாடையின் முன்வளைவில் மிகவும் உள்வாங்கிய இடமான 'ஏ' புள்ளி. அங்கே எலும்பு மெலிந்து படத்தில் கரைந்துவிடும். கன்னத்தின் நிழல் வேறு குறுக்கே விழும். புள்ளி ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ போனால் மேல்தாடை எவ்வளவு முன்னே இருக்கிறது என்று காட்டும் எஸ்.என்.ஏ. கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறும். 82 டிகிரியைச் சராசரியாக வைத்துப் பேசும் கணக்கில் அது சின்ன விஷயமில்லை.

ஒவ்வொரு புள்ளியின் பிழைக்கும் தனி வடிவம் உண்டு என்று 1971-ல் பாம்ரிண்டும் ஃபிரான்ட்ஸும் காட்டினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். கீழ்த்தாடை மூலையில் புள்ளி எலும்பின் வளைவோடு சறுக்கும். வளைவுக்குக் குறுக்கே அவ்வளவாக நகராது.

படச்சுருளுக்கு அருகிலுள்ள தாடைப் பக்கம் சிறிதாகவும் தள்ளியிருக்கும் பக்கம் பெரிதாகவும் விழுவதால் ஓரம் இரட்டையாகத் தெரியும். தேர்ந்தவர்கள் இரண்டையும் வரைந்து நடுவை எடுக்கிறார்கள். தங்கள் பிழையை அறிய, சில வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி வரைந்து, இரண்டு வரைவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள்.