மலைநாட்டுப் பாட்டும் மெய்ப்பாடும்

புகழ்பெற்ற பாடகரைப் பற்றிய கதைகள் தமிழரிடையே பாட்டினும் விரைந்து பரவும் இயல்புடையன. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளிவந்து, சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டதும், கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனா’ருக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதும் இன்றும் வியப்புடன் பேசப்படுகின்றன. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் இணைந்து பாடிய பெருமை கொழும்பு நாடக மேடைக்கும் உண்டு என்பது ஈழத்தவர் மகிழ்ந்து சொல்லும் செய்தியாகும். இவையெல்லாம் நினைக்கத்தக்கனவே. ஆயின் அதே காலத்தில் மலைநாட்டுச் சந்திகளிலே நின்று பாடிய ஒரு பெண்மணியை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பாடிய பெயரறியாப் பெண்டிரை எவ்வாறு மதிப்பிடுகின்றோம்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வாய்மொழிப் பாடலை நோக்குவோம். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய கவிஞராகவும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைவின்பின் 1987இல் நூலுருப் பெற்றது. அவருக்குப் பின்னர்ச் சாரல்நாடன் முதலியோரும் இத்துறையில் உழைத்தனர். இவர்தம் உழைப்பு இன்றேல் கோப்பிக் காலத்துக் குரலிற் பெரும்பகுதி காற்றோடு கலந்திருக்கும்.

இப்பாடல்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ‘கண்ணீர்க் காவியம்’ என்ற ஒரு தொடரோடு அமைந்து விடுகின்றனர். பள்ளி மேடைகளிலும் அவ்வாறே. எப்பாடலாயினும் அதனை இழுத்து நீட்டி, ஆர்மோனியத்தை விம்மவிட்டு, பாடும் சிறுமியைக் கண்கலங்கச் செய்தால்தான் பரிசு கிட்டும் என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. இது பாட்டுக்கும் நீதியன்று. பாடிய மக்களுக்கும் நீதியன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்தார். அவற்றுள் அழுகை ஒன்றே. இழவும் வறுமையும் அதன் நிலைக்களன்களுட் சேர்வன என்பதும் உண்மையே. கடல் கடந்து, காட்டுவழி நடந்து, வழியிலே உற்றாரைப் பறிகொடுத்த மக்களின் பாட்டிலே அழுகை மிக்கிருப்பது இயற்கை. அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின் எஞ்சிய ஏழும் எங்கே போயின?

நகைக்கு எள்ளலையும் ஒரு நிலைக்களனாகக் கொள்வர் இலக்கண நூலார். கங்காணியின் தலைப்பாகையையும், கணக்குப்பிள்ளையின் எழுதுகோலையும், துரையின் நடையையும் எள்ளிப் பாடும் பாடல்கள் தோட்டந்தோறும் வழங்கின. கூடை நிறையக் கொழுந்து கொண்டுசென்றவள் தராசடியிலே நிறை குறையக் கண்டு, அரைப்பேர் போடப்பட்டுத் திரும்பும்போது பாடுவது வெறும் புலம்பலாகாது. அது கேட்போர் சிரிக்கவும், சிரித்தபின் சினக்கவும் அமைந்த பாட்டு. வெகுளிக்குக் குடிகோளும் அலைத்தலும் நிலைக்களன்கள் என்பர். குடியை நலிவித்தல், வைது அலைத்தல் என்னும் இவற்றைவிடப் பெரட்டுக் களத்து அனுபவத்தைச் சுருங்கச் சொல்லும் சொற்கள் உளவோ? தாலாட்டிலே உவகை உண்டு. காதற்பாட்டிலே மருட்கை உண்டு. மாசி மாதத்துக் காமன் கூத்திலே இரதியின் அழுகைக்கு முன்னே இரதி மதன் வாக்குவாதத்தின் பெருமிதம் உண்டு. எட்டையும் ஒன்றாக்கிப் பாடுதல், எட்டு நரம்புடைய யாழில் ஒன்றையே மீட்டுதல் போலாகும்.

பாட்டின் வேகத்தைத் தொழிலே தீர்மானிக்கிறது என்பதையும் மறத்தலாகாது. கொழுந்து கொய்யும் கையோடு பாடும் பாட்டு, கையினும் மெதுவாகச் செல்லாது. தொட்டில் ஆட்டும் பாட்டு, தொட்டிலினும் விரையாது. பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலி வேறு. சாவீட்டுத் தப்பொலி வேறு. இவ்வேறுபாடு அறியாது எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் அமைப்பது, பாட்டை அது பிறந்த இடத்தினின்றும் பெயர்த்தெறிவதாகும்.

இனி, மேடைப் பாட்டுக்கு வருவோம். யான் மேலே குறித்த பெண்மணி மீனாட்சி அம்மை. தஞ்சையிலிருந்து இலங்கை போந்து தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார். அக்காலத்தில் தோட்டம் என்பது துரையின் தனிக்காணி. அனுமதியின்றி அந்நியர் உட்புகுதல் குற்றம். நடேசய்யர் புடவை வணிகர் வேடத்தில் தோட்டத்தினுட் சென்று நிலைமையை அறிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தொழிலாளர் கூடும் சந்திகளிலே மீனாட்சி அம்மை பாரதியார் பாடல்களையும் தாம் இயற்றியவற்றையும் பாடுவார். பாட்டைக் கேட்டுக் கூட்டம் சேர்ந்தபின் அய்யர் பேசுவார் என்று அவ்வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிருக்காகப் பாரதியார் தொலைவிலிருந்து கலங்கினார். அம்மையோ தேயிலைத் தோட்டத்துப் பெண்டிரின் முன்னிலையிலேயே நின்று பாடினார்.

அம்மையின் பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக வெளிவந்தன. அந்த ஆண்டை நோக்குதல் வேண்டும். 1939இல் அரசாங்கத் தொழில்களிலிருந்து இந்தியரை நீக்கும் நடவடிக்கை எழுந்தது. அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்டு முதல் இந்திய அரசு தன் தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். அவ்வாண்டிலேயே நம் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவஸ்ஸத் தோட்டத்தில், சமசமாஜிகளின் தொழிற்சங்கத் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்துத் தோட்டத்து நடவடிக்கைகளில் குரல் பெற்றனர். அம்மையின் பாடல்கள் வெவஸ்ஸவிலே பாடப்பட்டன என்று எவரேனும் சொல்வாராயின் அது கதையாகும், சான்று இல்லை. அந்நூலும் அவ்வேலைநிறுத்தமும் ஒரே கொந்தளிப்பின் இரு அலைகள் எனக் கூறின் அது வரலாறாகும். பாடகரைப் போற்றும் ஆர்வத்தில் இவ்வேறுபாட்டை நாம் கைவிடுதல் கூடாது.

இப்பாடல்கள் மக்கள் அறிந்த மெட்டுகளிலே அமைந்தவை. இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். அவர் தமிழிசை வரலாற்றை நினைத்தாரல்லர். நொண்டிச் சிந்தும் கும்மியும் பாரதியார் கையிலே புதுப்பொருள் சுமந்தன. தெரிந்த மெட்டிலே தெரியாத கருத்தைச் சொல்லுதல், எழுத்தறியாத மக்களிடம் செய்தி சேர்ப்பதற்கு அக்காலத்தில் இருந்த சிறந்த வழி. மெட்டுத் தெரிந்தவன் இருமுறை கேட்டாற் போதும்; மூன்றாம் முறை அவனே பாடிவிடுவான். துரை தடுத்த வேலியைத் தாண்டிப் பாட்டு உள்ளே செல்லும்.

ஆயினும் குறையே இல்லையென்பதும் நடுநிலையாகாது. அம்மையின் பாடல்கள் வாதிடும் பாடல்கள். உரிமையை எடுத்துக் கூறுகின்றன, ஆள்வோரைக் கண்டிக்கின்றன, ஒன்றுபடுமாறு வேண்டுகின்றன. வெகுளியும், தறுகண்மையிற் பிறந்த பெருமிதமும் அவற்றின் உயிர். ஆனால் மலையும் மழையும் அட்டையும் கூடையும் அவற்றிலே அருகியே தோன்றுகின்றன. சந்தர்ப்பம் நீங்கியபின் பாட்டும் மெல்ல நீங்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வாய்மொழிப் பாட்டிலோ காட்சி நின்றது, சந்தர்ப்பம் மறைந்தது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தக் கங்காணி என்பது இன்று தெரியாது; தராசடியிலே நின்றவளின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று ஆண்டைக் காத்தது. மற்றது முகத்தைக் காத்தது. மலைநாட்டுப் பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இரண்டும் வேண்டும்.

இத்தேவை காலத்தால் நெருக்கப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தமும் பாடியவர்களைப் பிரித்தன. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென அவ்வொப்பந்தம் வகுத்தது. பசறையிலும் லுணுகலையிலும் ஒரு பாட்டின் முதலடியை அறிந்தவள் இங்கிருக்க, அடுத்த அடியை அறிந்தவள் நீலகிரியிலே முதுமையுற்றிருத்தல் கூடும். எஞ்சியோருக்கு 2003இல் பிரசாவுரிமை கிட்டியது. பாட்டைத் திருப்பித் தரும் சட்டம் எதுவும் இல்லை.

வேலுப்பிள்ளை வாழ்ந்தது தலவாக்கலைப் பக்கம். ஊவாவின் பாட்டை ஊவா மாணவரே தேடுதல் முறை. நமுனுகுலை அடிவாரத்திலும், அப்புத்தளை, தெமோதரை, ஆலிஎலைத் தோட்டங்களிலும் இன்னும் பாடவல்ல முதியோர் உளர். அவர்களிடம் செல்வோர் பாட்டின் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் போதாது. எந்த வேலையின்போது பாடினர், யாரிடம் கற்றனர், எந்த அடியிலே சிரித்தனர் என்பவற்றையும் குறித்தல் வேண்டும். இயன்றவிடத்துக் குரலையும் பதிவுசெய்தல் வேண்டும். சிரித்த இடத்தைக் குறித்தவனே அப்பாட்டின் மெய்ப்பாட்டை அறிந்தவனாவான்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை மலைநாட்டுப் பாடலொன்றை மாணவிக்குப் பயிற்றும்போது, ‘அழுது பாடு’ என்று சொல்லுமுன், அப்பாட்டு அழுகின்றதா, நகுகின்றதா, வெகுள்கின்றதா என்று அவளையே கேட்போமாக. அவள் பாட்டியிடம் அதற்கு விடை இருக்கும்.