‘மதராசி’: அரசியல் நடத்தையில் ஆளுமையும் பெயரும்

அரசியல் வெறுப்பின் வேரை மனிதனின் குணத்தில் தேடுவது உளவியலில் நெடுநாளைய வழக்கு. 1950இல் அடோர்னோவும் துணையாசிரியர் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தலையாய சான்று. மேலோர்க்குப் பணிதலும் புறத்தாரை ஒறுத்தலும் ஒரே ஆளுமையின் இரு கூறுகள் என்பது அதன் துணிபு. இவ்வாளுமையை ‘அதிகார மனப்பான்மை’ எனத் தமிழாக்குவது பொருந்தாது. தமிழில் அத்தொடர் அதிகாரம் செலுத்துவோனையே சுட்டும், பணிவோன் விடுபட்டுப்போவான். மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டாலும், வெறுப்பைத் தனிமனிதக் குணமாகக் கொள்ளும் இவ்விளக்கத்தின் குறை எஞ்சவே செய்கிறது. பம்பாயின் 1960கள் அதனைக் காட்டும்.

சிவசேனை 1966 ஜூன் 19 அன்று தோன்றியது. அதற்கு முன்னரே பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ் நகர நிறுவனங்களில் பதவி வகித்தோரின் பெயர்களைப் பட்டியலிட்டு வந்தது. அவற்றுள் தென்னிந்தியப் பெயர்கள் மிகுந்திருந்தன. மொழியியல் நோக்கில் இப்பட்டியல் கருதத்தக்கது. அதில் வசை இல்லை, பெயரடை இல்லை, வினையும் இல்லை. வினை தலைப்பில் மட்டுமே இருந்தது. படித்துவிட்டுச் சும்மா உட்காரும்படி முதலில் ஏவிய தலைப்பு, பின்னர்ப் படித்துவிட்டு எழும்படி ஏவிற்று. இடைப்பட்ட காலத்தில் வாசகரின் குணம் மாறியிருக்க இயலாது. மாறியது ஏவல் வினை ஒன்றே. 1960இல் மகாராட்டிர மாநிலம் அமைந்தபின் மராத்தி இளைஞர் எதிர்பார்த்த வேலைகள் கிட்டாமையே இவ்வேவலுக்குச் செவிகளைத் தந்தது. மேரி கட்சென்ஸ்டைன் (1979), தீபங்கர் குப்தா (1982) ஆகியோரின் நூல்கள் சேனையை வேலைவாய்ப்பு, மண்ணின் மைந்தர் உரிமை ஆகியவற்றோடு வைத்து ஆராய்ந்தமை பொருத்தமே. ஆயின், பெயரின் பணியைத் தனியே நோக்கவேண்டியுள்ளது.

‘மதராசி’ என்னும் சொல்லின் அமைப்பில் இழிவு ஏதுமில்லை. ‘பஞ்சாபி’, ‘வங்காளி’ போல இடப்பெயரோடு இகர விகுதி சேர்ந்த ஆக்கம் அது. அதன் கேடு பொருட்பரப்பில் உள்ளது. மாட்டுங்காவின் தட்டச்சரும், தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலித் தொழிலாளியும், செம்பூரின் மலையாளக் கணக்கரும் அதனுள் அடங்கினர். சென்னையைக் கண்டிராத, துளு பேசும் உடுப்பி உணவகத்தாரும் ‘மதராசி’ எனவே தாக்கப்பட்டனர். மாட்டுங்காவினரும் தாராவியினரும் தமக்குள் ஒரே பந்தியில் உண்டவர் அல்லர் என்பதை இங்கு நினைவுகூரலாம்; அவர்களை முதலில் ஓரினமாக்கியது பிறர் இட்ட பெயர்தான். பெயர்ச்சொல் ஓரியல்பை வெட்டியெடுத்து ஏனையவற்றை மறைக்கும் என ஆல்போர்ட் 1954இல் விளக்கியதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. 1969 ஜனவரி 14இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று; 1996இல் நகரின் பெயரும் சென்னை ஆயிற்று. வேர்ப்பெயர் மறைந்தபின்னும் ‘மதராசி’ வழங்குகிறது.

வெறுப்பு குணத்தில் உறைவதாயின் அதன் இலக்கு எளிதில் பெயராது. ஆனால் சேனையின் இலக்கு தென்னிந்தியரிடமிருந்து பொதுவுடைமையாளர், முஸ்லிம்கள் எனப் பெயர்ந்தது. அதிலிருந்து பிரிந்த மகாராட்டிர நவநிர்மாண் சேனை 2008இல் ‘பையா’ எனப்பட்ட வடஇந்தியர்மேல் பாய்ந்தது. மாறாக, 2019 சட்டமன்றத் தேர்தலில் மாட்டுங்காவை அடுத்த சயான் கோலிவாடாவில் வென்ற தமிழ்ச்செல்வன், சேனையோடு கூட்டணி கண்ட பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளர்.

குணத்தைக் குற்றவாளியாக்கும் விளக்கம் ஒருவகையில் வசதியானது. பழி எப்போதும் அடுத்தவர் மனத்திலேயே தங்கிவிடும். அவ்வசதி தமிழர்க்கும் இல்லை. இன்று தமிழ்நாட்டில் பீகாரி, ஒடியர், வங்காளி, அசாமியர் அனைவரையும் ‘வடக்கன்’ என்னும் ஒரே சொல் சுட்டுகிறது. ‘மதராசி’யின் பரப்பும் இதன் பரப்பும் ஒரே முறையில் அமைந்தவை. ‘மதராசி’யைத் ‘தமிழன்’ எனப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதவேண்டும். அவ்வாறு பெயர்க்குமிடத்துத் துளு உணவகத்தார் காணாமற்போகிறார். இழிசொல்லும் பெருமிதச் சொல்லாகிவிடுகிறது. ‘மதராசி’ என்றே விடுவது மேல். ‘வடக்கன்’ என்பதை இந்தியில் பெயர்ப்போரும் ‘உத்தர பாரதீய’ என நாகரிகமாக எழுதிக் கடந்துவிடலாகாது.