கொடுப்போர் மறைந்த அடுக்களை: சமையற்கலைஞர் ஜேக்கப்பின் தொலைக்காட்சிப் பணியும் முத்துக்குளித்துறை உணவும்

ஆய்வுச் சுருக்கம்

சன் தொலைக்காட்சியின் ‘ஆஹா என்ன ருசி’ நிகழ்ச்சியால் பரவலாக அறியப்பட்ட ஜேக்கப் சகாயகுமார் அருணி, தென்னிந்தியாவின் பழைய உணவுமுறைகளை மீட்டெடுப்பதில் நாட்டம் கொண்டவர். அம்முயற்சியின் பெறுமதியையும், தொலைக்காட்சிச் சமையல் என்னும் வடிவம் அதற்கு இட்ட எல்லையையும் தூத்துக்குடிக் கடற்கரை உணவின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஜேக்கப், தொலைக்காட்சிச் சமையல், நெய்தல் உணவு, மாசி, தூத்துக்குடி

1. முன்னுரை

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில் பிறந்த ஜேக்கப், 2012 நவம்பர் 4 அன்று தமது 38ஆம் வயதில் மறைந்தார். அவருடைய காலத்துத் தமிழ்ச் சமையல் நிகழ்ச்சிகளில் இருவகை முகங்கள் முதன்மை பெற்றிருந்தன. ஒன்று, மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றோர் வழி வெளிப்பட்ட இல்லச் சமையலின் முகம். மற்றொன்று, தாமு போன்றோர் வழி வெளிப்பட்ட விடுதிச் சமையலின் முகம். ஜேக்கப் இவற்றோடு மூன்றாவதாகத் தேடித் தொகுப்பவர் என்னும் முகத்தைச் சேர்த்தார். வட்டார உணவு வரலாறு உடையது, ஆராயத்தக்கது என்னும் எண்ணத்தைப் பொதுப்பார்வையாளரிடம் கொண்டுசென்றதில் அவருக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. அவர் தேர்ந்த வடிவம் அந்நோக்கத்திற்கு இடங்கொடுத்ததா என்பதே இங்கு எழும் வினா.

2. இலக்கியச் சான்றும் செய்முறையும்

‘பழந்தமிழ் உணவு’ என்று பேசுவோர் பெரிதும் சுட்டுவது ஆற்றுப்படை நூல்களையே. சிறுபாணாற்றுப்படை நெய்தலில் நுளையர் அளிக்கும் கள்ளையும் சுட்ட குழல்மீனையும், முல்லையில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோற்றையும், மருதத்தில் வெண்சோற்றோடு வரும் நண்டுக் கலவையையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. இவற்றுள் எதற்கும் செய்முறை இல்லை. யார், எந்நிலத்தில், யாருக்குக் கொடுத்தார் என்பதே பதிவாகிறது. தொலைக்காட்சிச் சமையல் இதன் மறுதலை. பொருட்பட்டியல், அளவு, செய்முறை, சுவைத்தல் என்னும் வரிசையில் செய்முறை நிலைபெறுகிறது. கொடுத்தவர் மறைந்து, அவரிடத்தில் தொகுப்பாளர் நிற்கிறார். எனவே அடுப்பில் கொதிப்பது பழைய உணவாகவே இருந்தாலும், இலக்கியம் காத்துவைத்த செய்தி அங்கு இல்லை.

இதனை ஜேக்கப்பின் தனிப்பட்ட குறையாகக் கொள்வது பொருந்தாது. செய்முறை பொதுவாவதில் ஒரு விடுதலையும் உண்டு. மீனும் கருவாடும் மணத்தின் பேரால் இழிவாகப் பார்க்கப்படும் சூழலில், புலால் உணவை மதிப்போடு திரையில் ஆக்கிக் காட்டியது சிறிய செயலன்று.

3. மாசியும் மக்ரூனும்

வடிவத்தின் எல்லை தூத்துக்குடியில் தெளிவாகத் தெரிகிறது. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்ற பின்னும் முத்துக்குளித்துறை என்னும் பெயரைச் சுமக்கும் கரை இது. இங்குச் சூரை மீனை உப்புநீரில் அவித்து, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி மாசி ஆக்குகிறார்கள். அதன் சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை. கடலிலும் உப்பளத்திலும் வெயிலிலும் நாட்கணக்கில் நிகழ்கிறது. அரைமணி நேர நிகழ்ச்சிக்குள் அது வெறும் ‘தேவையான பொருள்’ ஆகிவிடும். மேலும், மாசி இலங்கையையும் மாலத்தீவையும் இக்கரையோடு இணைக்கும் உணவு. செட்டிநாடு, கொங்கு நாடு, நாஞ்சில் நாடு எனத் தரைப்பெயரால் உணவைப் பகுக்கும் வழக்கில் இத்தகைய கடல்வழி உறவுக்கு இடமில்லை.

தொன்மை என்னும் அளவுகோலும் இங்குப் பிழைபடுகிறது. முந்திரி, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றால் ஆகும் தூத்துக்குடி மக்ரூன், போர்த்துக்கீசியத் தொடர்போடு இணைத்துப் பேசப்படுவது. பழமையை மட்டும் தேடும் கண்ணுக்கு அது வந்தேறிப் பண்டம். ஊராருக்கோ அது ஊரின் அடையாளம். துறைமுக உணவின் இயல்பே கலப்புதான். கலப்பைக் களைந்து மீட்கப்படும் ‘தூய’ உணவு இக்கரையுடையதாக இராது.

4. ஜேக்கப்புக்குப் பின்

2019இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ சமையலை நகைச்சுவைக் களமாக்கியது. தொகுப்பவரின் முகம் அங்குப் பின்னுக்குச் சென்றது. அதே காலப்பகுதியில் ‘தூத்துக்குடி மீனவன்’, ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ போன்ற யூடியூப் அலைவரிசைகளில் மீனவரே தொகுப்பாளராயினர். வலை இழுப்பவரே படகில் குழம்பு வைத்து, மீனின் பெயரையும் பருவத்தையும் சொல்கிறார். ஆற்றுப்படையில் கண்ட கொடுப்போர் இங்கு மீண்டும் தோன்றுகின்றனர். எனினும் காட்சி பெரிதும் ஆண்களின் படகோடு நிற்கிறது. கருவாடு உலர்த்தி விற்கும் பெண்களின் அறிவு இன்னும் சட்டகத்திற்கு வெளியிலேயே உள்ளது.

5. முடிவுரை

ஜேக்கப் வட்டார உணவுக்கு மேடை தந்தார். அம்மேடையின் வடிவம் உணவை அதன் மக்களிடமிருந்து பிரித்தது. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பதே அவர் பணிக்கு நேர்மையான மதிப்பீடு. உணவு ஆய்வில் ஈடுபடும் நமக்கும் இது பொருந்தும். களப்பணியில் செய்முறையை மட்டும் எழுதிக்கொண்டு, சொன்னவரை ‘தகவலாளி’ என ஒற்றைச் சொல்லில் அடக்கினால், தொலைக்காட்சியின் பிழையையே நாமும் செய்கிறோம். உணவைப் பதியும்போது கொடுத்தவரின் நிலத்தையும் தொழிலையும், அவர் இசைந்தால் பெயரையும், உடன் பதிய வேண்டும்.