இரண்டாவது மாதம் என்ன ஆச்சு?

சந்தா மென்பொருளுக்கு முன்மாதிரி செய்வது பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கதைகள் வந்து நிற்கும். நானும் அவற்றை நிறைய பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், இரண்டுமே முக்கியமான இடத்துக்கு முன்னாடியே முடிந்துவிடுகின்றன.

முதல் கதை டிராப்பாக்ஸ். எரிக் ரீஸ் ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ (2011) நூலில் சொல்கிறபடி, ட்ரூ ஹூஸ்டன் ஒரு சின்ன செய்முறை வீடியோ வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000இலிருந்து 75,000 ஆனது. சரி, ஆனால் அவர்கள் கொடுத்தது பணம் இல்லையே, மின்னஞ்சல் முகவரிதானே? ‘இப்படி ஒன்று வேணுமா?’ என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. ‘மாசாமாசம் காசு தருவியா?’ என்று அந்த வீடியோ கேட்கவே இல்லை. டிராப்பாக்ஸுக்கு அது ஓகே. இலவசக் கணக்கில் இடம் நிறைந்தவர் பிறகு காசு கட்டட்டும் என்பது அவர்கள் கணக்கு. முதல் நாளே காசு கேட்கிற நமக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தாது.

இரண்டாவது கதை பஃபர். 2010இல் ஜோயல் கேஸ்காயின் மென்பொருளை எழுதுவதற்கு முன்பே ஒரு பக்கம் போட்டு, ஆர்வம் இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து, நடுவில் ஒரு விலைப் பக்கத்தைச் செருகி, கட்டணத் திட்டத்தை யாராவது அழுத்துகிறார்களா என்று பார்த்தார். இது எவ்வளவோ மேல், விலையாவது கண்ணில் பட்டது. ஆனாலும் அழுத்துவது வேறு, கட்டுவது வேறு. தொடர்ந்து கட்டுவது இன்னும் வேறு.

இதை நான் கற்றுக்கொண்டது காசு போன பிறகுதான். நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ட்யூஷன் சென்டர்களுக்கு வருகைப்பதிவும் கட்டண நினைவூட்டலும் செய்யும் ஒரு மென்பொருளின் முன்மாதிரி செய்தேன். பிப்ரவரியில் 11 பேர் பணம் கட்டினார்கள். துள்ளிக் குதித்தோம். அதை நம்பி மூன்று மாதம் முழுநேரமாக உட்கார்ந்து எழுதினோம். ஏப்ரலில் மிஞ்சியது இரண்டு பேர். பொதுத்தேர்வு முடிந்ததும் சென்டரையே பூட்டிவிடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் விலைப்பட்டியலுக்கு மட்டும் தெரியவில்லை! அதைவிட மோசம், கட்டிய 11 பேரில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். முகதாட்சண்யத்துக்குக் கட்டியதை நாங்கள் தேவை என்று எண்ணிக்கொண்டோம்.

இந்தியாவில் இது இன்னும் கூர்மை. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2021 அக்டோபரிலிருந்து அட்டையில் தானாகச் சந்தா எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். அதாவது ‘இது நமக்குத் தேவையா?’ என்று மாசாமாசம் வங்கியே கேட்டுவிடும். மறந்துபோய்க் கட்டுகிறவரை நம்பிக் கணக்குப் போட முடியாது.

அதனால் இப்போது என் முன்மாதிரிகளில் மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் கட்டிய பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னணியில் நானே கையால் வேலை செய்தாலும், விலை மட்டும் உண்மையான விலை. ‘நிறுத்து’ பொத்தானை முதல் நாளே வைத்துவிடுகிறேன், அழுத்துகிறவரிடம் ஏன் என்று கேட்கிறேன்.

முதல் மாதப் பணம் ஆர்வத்துக்கு வருவது. இரண்டாவது மாதப் பணம் வந்த பிறகு கோட் எழுத உட்காருங்கள்.