விருந்தளிப்போர் யார்? அமெரிக்கக் குடியேற்றச் சிறார் புனைவுகளும் ஓய்மாநாட்டு நிலமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மேற்குக் குடியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட சிறார் புனைவுகளுள் லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ (1935) பெருவழக்குப் பெற்றது. இந்நூலில் நிலத்துக்குரியோர் வேண்டா வருகையாளராகவும், வந்தேறியோர் விருந்தளிப்போராகவும் இடம் மாறுகின்றனர். இம்மாற்றத்தை, இன்றைய திண்டிவனம், விழுப்புரம் பகுதியைக் களமாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டா இல்லா நிலத்தில் வாழும் குடும்பத்துக்கு இடப்படும் பெயரே புனைவின் அறநிலையைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், குடியேற்றம், சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாடு, இருளர், புறம்போக்கு.

முன்னுரை

1862ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கி உழுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தை உரிமையாக்கியது. இச்சூழலில் மேற்கு நோக்கிப் பெயர்ந்த குடும்பங்களின் வாழ்வு, பிற்காலத்தில் சிறார் நூல்களின் வளமான கதைப்பொருளாயிற்று. 1867இல் பிறந்த வைல்டர், தம் முதல் நூலை 1932இல், 65ஆம் அகவையில் வெளியிட்டார். முதியவரின் நினைவு சிறுமியின் பார்வையாக உருமாறுவதே அவர் நூல்வரிசையின் ஆற்றல். இந்நூல்களைத் தமிழ்ச் சூழலில் வாசிக்கும்போது, அவற்றை அயல்நாட்டு வீரக்கதைகளாக மட்டும் கொள்வது போதாது. நிலம், குடி, விருந்து ஆகியவை குறித்துத் தமிழ் மரபு கொண்டுள்ள கருத்துகளைக் கொண்டும் அவற்றை மதிப்பிடுதல் வேண்டும்.

ஆளில்லா நிலம் என்னும் கற்பிதம்

நூலின் தொடக்கத்தில் தந்தை செல்ல விரும்பும் மேற்கு நிலம் வருணிக்கப்படுகிறது. அங்கு மக்கள் இல்லை, இந்தியர் மட்டுமே உளர் என்னும் பொருளில் முதற்பதிப்பு அமைந்திருந்தது. ஒரு வாசகர் 1952இல் இதனைச் சுட்டிப் பதிப்பகத்துக்கு எழுதினார். 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மக்கள்’ என்னும் சொல் ‘குடியேறியோர்’ என மாற்றப்பட்டது. திருத்தம் நேர்மையானதே. எனினும் அது சொல்லளவில் நின்றது. நிலம் வெற்றிடமாகக் காத்திருக்கிறது என்னும் கதையமைப்பு மாறவில்லை. இங்கல்ஸ் குடும்பம் 1869இல் சென்றடைந்த கான்சஸ் பகுதி, அன்று ஓசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். அங்கு வீடு கட்ட அக்குடும்பத்துக்குச் சட்ட உரிமை இருந்ததில்லை.

அடுப்படியில் நிகழும் இடமாற்றம்

நூலின் சிறப்பு, உழைப்பை நுணுக்கமாகக் காட்டும் எழுத்தில் உள்ளது. மரங்களை வெட்டிச் சுவரெழுப்புதல், இரும்பாணி இன்றி மரமுளைகளால் கதவமைத்தல் முதலிய செயல்கள் படிப்படியாக விரிகின்றன. வீடு கட்டும் முறையை வாசகச் சிறார் கற்றுக்கொள்ளும் அளவுக்கு விவரிப்பு தெளிவானது. இத்தெளிவே நூலின் கருத்தியல் கருவியாகவும் செயல்படுகிறது. கண்முன் எழுந்த வீடு என்பதால், அது நின்ற நிலம் யாருடையது என்னும் வினா வாசகருக்கு எழுவதில்லை.

தந்தை இல்லாத வேளையில் ஓசேஜ் ஆடவர் இருவர் வீட்டுக்குள் வருகின்றனர். அச்சத்துடன் தாய் சோள ரொட்டி சுட்டுத் தருகிறார். அவர்கள் உண்டு அகல்கின்றனர். இக்காட்சியில் அடுப்பு, மாவு, அச்சம் ஆகிய மூன்றும் வந்தேறிய குடும்பத்தின் உடைமைகளாகின்றன. நிலத்துக்குரியோர் அழையாது நுழைந்தோராகின்றனர். வரலாற்றில் யார் யாருடைய இடத்துக்கு வந்தனர் என்பதைக் கதை தலைகீழாக்குகிறது.

எனினும் வைல்டரின் எழுத்தை ஒற்றைத் தீர்ப்பில் அடக்க இயலாது. இது இந்தியர் நாடென்றால் அவர்கள் ஏன் வெளியேற வேண்டும் என்னும் ஐயத்தைச் சிறுமி லாரா எழுப்புகிறாள். தந்தை அவளை உறங்கச் சொல்லி வாயடைக்கிறார். இறுதிப் பகுதியில் ஓசேஜ் மக்கள் நெடுவரிசையாய் நீங்கும்போது, அங்குச் செல்லும் கருவிழிக் குழந்தையொன்று தனக்கு வேண்டுமெனச் சிறுமி அழுகிறாள். அவ்வழுகையில் பரிவும் உடைமையாசையும் பிரித்தறிய இயலாவண்ணம் கலந்துள்ளன. நூல் தன் விடையைவிடத் தன் வினாவில் உயர்ந்து நிற்கிறது.

ஓய்மாநாட்டின் வழி

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஓய்மாநாட்டை ஆண்டவன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணமாகவும், வேலூரை உப்புவேலூராகவும் ஆய்வாளர் அடையாளம் காண்பர். பரிசில் நாடிச் செல்லும் பாணர் குடும்பம் இவ்வூர்களைக் கடக்கிறது. நெய்தலில் பரதவர் குடியில் கள்ளும் மீனும் கிடைக்கின்றன. முல்லையில் எயிற்றியர் புளிச்சோற்றையும் ஆமான் இறைச்சியையும் தருகின்றனர். மருதத்தில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும் படைக்கப்படுகின்றன.

இங்கும் ஒரு குடும்பம் பயணம் செல்கிறது; வறுமையே அதற்கும் காரணம். ஆயின் பாணர் கடக்கும் நிலம் எங்கும் வெறுமையாயில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய மக்களும் உணவும் உள்ளன. வேட்டுவக் குடியின் பெண்டிர் விருந்தளிப்போர், வந்தவர் விருந்தினர். மக்களையும் உணவையும் தொழிலையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்தெண்ணும் திணைக் கோட்பாட்டில், மக்களற்ற நிலம் என்னும் கருத்துக்கு இடம் அரிது. வைல்டரின் ரொட்டிக் காட்சியை எயிற்றியர் சோற்றோடு அருகருகே வைத்து நோக்கின், இருவேறு நிலக்கொள்கைகள் புலனாகும்.

தமிழ் மரபின் மறுபக்கம்

இவ்வொப்பீடு தமிழ் மரபைக் குற்றமற்றதாக நிறுவுவதற்கன்று. பாணர் கடந்து செல்வோர். தங்கி உழுவோர் அல்லர். எனவே அவர்களிடம் நிலப்பூசல் எழ வாய்ப்பில்லை. மேலும், காட்டை அழித்து நாடாக்கியதையும் குளந்தோண்டி வளம் பெருக்கியதையும் கரிகாலனின் புகழாகப் பட்டினப்பாலை பாடுகிறது. அக்காட்டில் முன்பு வாழ்ந்தோர் குறித்து அப்புகழுரை பேசுவதில்லை.

தற்காலத் தமிழில் குடியேற்றப் புனைவுக்குச் சிறந்த சான்று கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). இது சிறார் நூலன்று எனினும் ஒப்பீட்டுக்கு உகந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்தோர் கரிசல் காட்டுக்குத் தீயிட்டு நிலம் திருத்துகின்றனர். மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதுபெண்ணின் நினைவு வழியே அவ்வரலாறு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. வைல்டரிடம் காணப்படும் அதே உத்தி இங்கும் தொழிற்படுகிறது: மூத்தோர் நினைவு இளையோர்க்குச் சொல்லப்படும்போது குடியேற்றம் பூர்விகமாகிறது. இருவர்க்கும் வேறுபாடும் உண்டு. கி.ரா.வின் மாந்தர் துரத்தப்பட்டோர். அவர்களுக்குப் பின்னால் படையோ சட்டமோ நிற்கவில்லை.

முன்னோடியா, ஆக்கிரமிப்பாளரா?

குடியேற்றப் புனைவுகளைத் தமிழில் பெயர்க்கும்போது ‘பயனியர்’ என்பது ‘முன்னோடி’ ஆகிறது. அச்சொல் தமிழில் மதிப்புச்சொல். ‘குடியேறி’ நடுநிலையானது, ‘வந்தேறி’ இகழ்ச்சியுடையது. மொழிபெயர்ப்பாளர் எச்சொல்லைத் தேர்ந்தாலும், வரலாற்றில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தவராகிறார்.

இத்தேர்வின் பொருள் விழுப்புரம் மாவட்டத்தில் கூர்மை பெறுகிறது. இங்கு வாழும் இருளர் பட்டியல் பழங்குடியினர். அவர்களுள் பல குடும்பங்கள் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பட்டா இன்றி வாழ்கின்றன. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக உழைத்தோரும் அவர்களுள் உளர். வருவாய்த்துறை ஆவணத்தில் அவர்கள் வாழும் இடம் ‘புறம்போக்கு’. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் மொழியில் அங்கு வாழ்வோர் ‘ஆக்கிரமிப்பாளர்’. உரிமை ஆவணம் இன்றிப் பிறர் நிலத்தில் வீடெழுப்பிய இங்கல்ஸ் குடும்பம் முன்னோடி எனப்படுகிறது. உரிமை ஆவணம் இன்றித் தம் தொல்நிலத்தில் குடிசையமைத்த இருளர் குடும்பம் ஆக்கிரமிப்பாளர் எனப்படுகிறது. இரு குடும்பங்களும் பட்டா அற்றவை. பெயரிடும் அதிகாரம் மட்டுமே வேறுபடுகிறது. தன் வீட்டுக்கு நோட்டீஸ் வருவதைக் கண்ட ஓர் இருளர் சிறுமி வைல்டரின் நூலைப் படிக்க நேர்ந்தால், அவள் லாராவின் இடத்தில் நின்று படிப்பாளா, வரிசையில் நீங்கிச் சென்ற குழந்தையின் இடத்தில் நின்று படிப்பாளா என்பது திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய வினா.

மாற்றுக் கதையமைப்புகள்

அமெரிக்கச் சிறார் இலக்கியத்திலேயே இதற்கு எதிர்வினை எழுந்துள்ளது. லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘த பர்ச்பார்க் ஹவுஸ்’ (1999), 1847ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு, ஓமகாயாஸ் என்னும் ஒஜிப்வே சிறுமியின் ஓராண்டு வாழ்வைச் சொல்கிறது. வைல்டரைப் போன்றே வீடு, உணவு, பருவம் ஆகியவற்றின் விவரங்களாலேயே அதுவும் நடக்கிறது. ஆயின் அங்கு வீடு ஏற்கெனவே உள்ளது. வெளியிலிருந்து வந்த ஒருவர் வழியே அம்மைநோய் அதனுள் நுழைகிறது. விருந்தோம்பலுக்கு விலை கொடுப்போர் யார் என்பதை அந்நூல் வெளிப்படையாக்குகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு, வைல்டர் பெயரிலான தன் விருதின் பெயரை 2018இல் மாற்றியதும் இம்மறுவாசிப்பின் தொடர்ச்சியே.

தமிழிலும் இத்தகு கதைக்குப் பொருள் உண்டு. மாசி மகத்தையொட்டி இருளர் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரையில் கூடி, தற்காலிகக் கூடாரமமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணங்களும் அங்கு நிகழ்கின்றன. இது மேற்கு நோக்கி நிலம் தேடும் பயணம் அன்று. கடலை நோக்கிச் சென்று, மணலில் சில நாள் தங்கி, எதனையும் தமதாக்காமல் மீளும் பயணம். வண்டி, கூடாரம், அடுப்பு, குழந்தை எனக் குடியேற்றப் புனைவின் கூறுகள் பலவும் இதிலும் உள. வேலி மட்டும் இல்லை.

முடிவுரை

வைல்டரின் நூலைச் சிறாரிடமிருந்து விலக்குவது தீர்வாகாது. அதன் எழுத்தாற்றலும் சிறுமியின் விடைபெறாத வினாவும் கற்பித்தற்குரியவை. ஆயின் அதனைத் தனித்து வழங்காமல், எயிற்றியர் சோறிட்ட சிறுபாணாற்றுப்படையோடும் எர்ட்ரிக்கின் நூலோடும் இணைத்து வாசிக்கச் செய்தல் வேண்டும். ஒரு கதையில் வீடு யாருடையது என்பதோடு, அங்கு யார் யாருக்குச் சோறிடுகிறார் என்பதையும் கேட்கும் வாசிப்பே குடியேற்றப் புனைவுகளைத் திறக்கும். வேட்டுவக் குடியினரை விருந்தளிப்போராகப் பாடிய ஓய்மாநாட்டு மண்ணில், அவர்களைப் போன்றே காட்டைச் சார்ந்து வாழ்ந்த இருளர் இன்று ஆக்கிரமிப்பாளர் எனப்படுகின்றனர். இம்முரணை அப்பகுதியின் வகுப்பறைகளிலும் சிறார் நூல்களிலும் பேசுபொருளாக்குவது தமிழ்ச் சிறார் இலக்கிய ஆய்வின் உடனடிப் பணியாகும்.