இழைமணியும் வன்கூடும்: உயிரணுவியல் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைச்சொல் ஒரு பொருளுக்கு இடப்பட்ட பெயர் மட்டுமன்று. அப்பொருள் குறித்த அறிவின் சுருக்கமும் ஆகும். அறிவு வளரும்போது சொல் அதற்கு இடந்தருகிறதா, தடையாகிறதா என நோக்குவது திறனாய்வின் கடமை. மைட்டோகாண்ட்ரியாவின் இணைவையும் அதில் ஆக்டின் இழைகளின் பங்கையும் விளக்கத் தமிழ்ச் சொற்கள் எந்த அளவு துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இழைமணி

தமிழகத்தில் பெரிதும் ஒலிபெயர்ப்பாக வழங்கும் மைட்டோகாண்ட்ரியாவை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இழைமணி’ என்கின்றன. 1898இல் கார்ல் பெண்டா இட்ட பெயரின் கிரேக்க வேர்கள் இழை, மணி ஆகிய இரண்டையும் சுட்டுவதால் இது நேர் பெயர்ப்பே. எனினும், இன்றைய அறிவு இச்சொல்லுக்குப் புதிய பொருத்தத்தை அளித்துள்ளது. இந்நுண்ணுறுப்புகள் தம்முள் இணைந்து நீண்ட இழைகளாகின்றன, பிளவுற்று மணிகளாகின்றன. வெளிச்சவ்வுகளை மைட்டோஃபியூசின் புரதங்களும் உட்சவ்வுகளை ஓபிஏ1 புரதமும் இணைக்கின்றன. பிளவை டிஆர்பி1 புரதம் நிகழ்த்துகிறது. வகுப்பறையில் வேரூன்றிய ‘ஆற்றல் நிலையம்’ என்னும் உருவகமோ இவ்வியக்கத்தை மறைத்துவிடுகிறது. நிலையம் நின்ற இடத்தில் நிற்பது. அண்டை நிலையத்தோடு கலப்பதில்லை.

வன்கூடு

இலங்கை வழக்கு அனைத்தும் இவ்வாறு பொருந்துவதில்லை. ஆக்டின் உள்ளிட்ட இழைகளின் தொகுதியைக் குறிக்கும் ‘குழியவன்கூடு’ என்பதில் ‘வன்’ என்னும் அடை இடர் தருகிறது. ஆக்டின் இழைகள் இடையறாது கட்டப்பட்டுக் கலைபவை. ஆண்ட்ரூ மூர், எரிகா ஹோல்ஸ்பௌர் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு பகுதியை ஆக்டின் சூழ்ந்து திரள்கையில் அப்பகுதி பிளவுறுவதையும், ஆக்டின் கலைந்தபின் மீண்டும் இணைவதையும் காட்டியது. பின்வந்த ஆய்வுகளோ இணைவு நிகழும் இடத்திலும் ஆக்டின் திரள்வதையும், அத்திரட்சி குன்றினால் இணைவும் குன்றுவதையும் எடுத்துரைக்கின்றன. பிளத்தல், இணைத்தல் ஆகிய இரண்டிலும் பங்கேற்கும் ஒன்றை ‘வன்மை’ என்னும் பண்பால் சுட்டுவது பிழையான கருத்தையே விதைக்கும். ‘சட்டகம்’ என்பதிலும் இக்குறை ஓரளவு உண்டு. கட்டவும் பிரிக்கவும் கூடிய ‘இழைப்பின்னல்’ என்பது இவற்றினும் ஏற்புடையது. ‘இழைமணி’யோடு மயங்காதிருக்க ‘ஆக்டின் இழைப்பின்னல்’ என அடைகொடுத்து வழங்கலாம்.

சொல்லின் பயன்

இது அகராதிக்குள் அடங்கும் சிக்கலன்று. ஓபிஏ1 மரபணுவின் பிழை, தலைமுறை வழி வரும் பார்வை நரம்பு நலிவுக்குக் காரணமாவது 2000இல் கண்டறியப்பட்டது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை இன்று பெரும் கண் மருத்துவ, ஆய்வு மையமாக விளங்குகிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ இந்நோயோடு இந்நகருக்கு வரும் ஒரு குடும்பத்திடம் ‘ஆற்றல் நிலையம் பழுது’ என்று மட்டும் கூறினால், சத்துக் குறைவென்றும் உணவால் தீருமென்றும் அவர்கள் கருத இடமுண்டு. ‘மணிகள் இழையாக இணைய இயலவில்லை, அக்குறை பிள்ளைகளுக்கும் வரக்கூடும்’ என்றால் நோயின் தன்மை விளங்கும்.

முடிவுரை

ஒலிபெயர்ப்பு உலக வழக்கோடு தொடர்பைக் காக்கும். ஆக்கச்சொல் பொருளைக் காக்கும். ‘இழைமணி’யைத் தமிழகப் பாடநூல்கள் ‘மைட்டோகாண்ட்ரியா’வுடன் இணைத்து வழங்குவதும், ‘வன்கூடு’ என்பதை மறுஆய்வுக்கு உட்படுத்துவதும் தேவை. அசைவன பற்றிய அறிவை அசையாச் சொற்களால் கற்பிக்க இயலாது.