தச்சன் மகனும் தனிமுதல்வனும்

கிறிஸ்தவ இலக்கியம் என்றதும் நம்மவருள் இருசாரார் முகத்தைத் திருப்பிக்கொள்வர். பண்டிதர் மரபில் வந்தோர், அது பாதிரிமார் தமிழ், இலக்கணத் தூய்மை அற்றது என்பர். முற்போக்கு அணியில் நிற்போர், அது மத இலக்கியம், மக்களை மயக்குவது என்பர். இவ்விரு சாராரும் ஏனைய விடயங்களில் எதிரெதிர் நின்றபோதிலும் இவ்வொன்றில் ஒற்றுமைப்பட்டு, ஒரு நூலைப் படியாமலே ஒதுக்கிவிடுகின்றனர். அந்நூல் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்'. இதனை எழுதுபவன் கிறிஸ்தவ விசுவாசி அல்லன். எனினும், ஒரு மக்கட் கூட்டம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக வாய்விட்டு ஓதி அழுத நூலொன்றை இலக்கிய மாணவன் ஒருவன் புறக்கணித்தல் தகாது என்பதே இக்கட்டுரையின் தொடக்கம்.

கொன்சால்வெஸ் 1676ஆம் ஆண்டு கோவாவிற் பிறந்தவர். 1705இல் இலங்கை வந்தார். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரை இத்தீவினின்றும் முற்றாக அகற்றி, தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிற் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. யோசே வாஸ் முனிவரும் அவரைப் பின்பற்றிய கோவைக் குருமாரும் கண்டி மன்னரின் ஆதரவை நம்பி, மறைந்தும் வெளிப்பட்டும் தொண்டாற்றினர். இவர்கள் வெள்ளையர் அல்லர். படைபலமோ கோட்டையோ இவர்களுக்குப் பின்னால் இருக்கவில்லை. இந்நிலையிலேதான் கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதி, ஏட்டிற் படியெடுப்பித்து ஊர்தோறும் அனுப்பினார். குரு வரமுடியாத இடத்துக்கு ஏடு சென்றது. 1742இல் அவர் காலமானார். நீர்கொழும்புக்கு வடக்கே, புத்தளம் மாவட்டத்தின் தென்னெல்லையை அண்டிய போலவத்தையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. சிங்களத்தில் இதற்கு இணையாக அவரே ஆக்கியது 'துக்பிராப்தி பிரசங்கய'. இந்நூல்கள் மௌனமாகப் படிப்பதற்கென எழுதப்பட்டவை அல்ல. தவக்காலத்தில் ஒருவர் இராகத்தோடு ஓத, கூடியிருப்போர் கேட்டு உருகுவதற்கென ஆக்கப்பட்டவை. தமிழ்க் கத்தோலிக்கரிடையே இவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. கரையோரச் சிங்களக் கத்தோலிக்கரின் 'பாஸ்கு' எனப்படும் பாடுகளின் காட்சி மரபும் இச்சிங்களப் பிரசங்கத்தினின்றே வளம் பெற்றது.

இனி, நூலின் மையப் பொருளுக்கு வருவோம். கொல்லப்படுகிறவன் யார்? இதுவே நூல் முழுவதையும் இயக்கும் வினா. கொல்லப்படுகிறவன் நல்ல மனிதன் ஒருவன் மாத்திரமே எனின், இது மற்றுமோர் அநீதியின் கதை. அவன் கடவுளாகவே இருந்து, மனிதத் துன்பம் அவனைத் தீண்டவில்லை எனின், இது வெறும் நாடகம். இரண்டையும் ஒருங்கே கொள்ளும்போதுதான் வியாகுலம் பிறக்கிறது. எல்லாவற்றையும் படைத்தவனின் கைகள் கயிற்றினாற் கட்டுண்டு கிடக்கின்றன என்ற முரணிலேயே பிரசங்கத்தின் உணர்ச்சி வேகம் முழுவதும் தங்கியிருக்கிறது.

இம்முரண் கொன்சால்வெஸ் கண்டுபிடித்ததன்று. 325ஆம் ஆண்டு நீசேயா நகரிற் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறுதியிட்டது. மகன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியு என்னும் அலெக்சாந்திரியக் குருவின் கொள்கை அங்கே தள்ளப்பட்டது. 451இல் கல்சதோன் சங்கம், அவர் முழுமையாகக் கடவுளும் முழுமையாக மனிதருமாவார் என்றது. நீசேயாச் சங்கத்தைக் கூட்டியவன் கொன்ஸ்தந்தீன் பேரரசன். ஆதலால், கிறிஸ்துவின் தெய்வீகம் என்பது அரசன் தன் ஆட்சியின் ஒற்றுமைக்காக வகுத்த கோட்பாடே என்று சிலர் எளிதாக முடித்துவிடுவர். அரசனுக்கு ஒற்றுமை தேவைப்பட்டது உண்மையே. ஆயின், அதே அரசன் பின்னாளில் ஆரியுவின் பக்கத்தாருக்கு ஆதரவு காட்டியதையும், 337இல் மரணப் படுக்கையில் அச்சாரார்பாற்பட்ட ஆயர் ஒருவரிடமே திருமுழுக்குப் பெற்றதையும் இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சிலுவை என்பது உரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதித்த தண்டனை. அப்பேரரசின் தலைவன் கூட்டிய சபையே, அப்பேரரசின் தூக்குமரத்தில் மாண்டவன் கடவுளோடு ஒரே பொருளானவன் என்று எழுதிவைத்தது. வரலாற்றின் இம்முரண்பாட்டை ஒற்றை வாக்கியத்தில் அடக்குதல் இயங்கியல் நோக்காகாது.

இக்கோட்பாட்டைத் தமிழிற் கூற முற்பட்டோர் ஒரு சொல்லிடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். கத்தோலிக்கத் தமிழ் இதனை 'மனுஷாவதாரம்' என்றது. அவதாரம் என்ற சொல் தமிழனுக்குப் புதியதன்று. இதே புத்தளக் கரையிலே, திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு எடுக்கும் உடப்பு மீனவனுக்குக் கண்ணனின் கதை மனப்பாடம். அவதாரக் கதைகளில் இறைவன் தீயோரை அழிக்க வருகிறான். கிறிஸ்தவக் கதையிலோ வந்தவனே அழிக்கப்படுகிறான். பழைய சொல்லுக்குள் புதிய பொருளைப் புகுத்துவதற்குத் தருக்கம் போதாது, அழுகை வேண்டும். பிரசங்கத்தின் ஒப்பாரிச் சாயல் வெறும் அலங்காரமன்று. தமிழ் மகளிர் தம் பிணத்தின்முன் அழும் மரபினைக் கடவுளின் பிணத்தின்முன் கொண்டுவந்து நிறுத்தியதன் மூலம், ‘இவன் உண்மையாகவே மாண்டான், ஆகவே உண்மையாகவே மனிதன்’ என்பதைச் சங்கத் தீர்ப்புகளுக்கு எட்டாத எளிமையோடு கொன்சால்வெஸ் நிலைநாட்டினார்.

இக்காலத்திலேயே தமிழகத்தில் வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யை (1726) பாடினார். சூசை என்னும் தச்சனைக் காப்பிய நாயகனாக்கிய பெருமை அவருக்குண்டு. ஆயினும் அத்தச்சன் வளன் என்னும் பெயரோடு, நாட்டு வளமும் நகர் வளமும் கொண்ட காப்பியக் கட்டிடத்திற்குள் வாழ்கிறான். அவனை அணுகப் புலமை வேண்டும். கொன்சால்வெஸ் உரைநடையைத் தேர்ந்தார். எழுத்தறியாதவன் காதாற் கேட்டு விளங்கும் உரைநடை அது. வடசொற் கலப்பு மிகுதி என்பது உண்மை. ஆனால், அதன் வாக்கியங்கள் மூச்சின் அளவறிந்து அமைந்தவை. அடுக்கடுக்காகச் சென்று விம்மலில் முடிபவை. தமிழ் உரைநடை வரலாற்றை ஆறுமுக நாவலரிலிருந்தே (1822–1879) தொடங்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. நாவலர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஈழத்துக் கரையோரத்தில் பொதுமக்களை நோக்கிய உரைநடையொன்று இயங்கியது என்பதை மாணவர்க்குக் கூறுதல் நம் கடமை.

நூலின் குறைகளையும் மறைக்காது கூறவேண்டும். முதலாவது, பழைய பாடு நூல்கள் பலவற்றிற் காணப்படும் யூத வெறுப்பு. கொலைப்பழியை ஓர் இனத்தின் மேற் சுமத்தும் இம்மரபு ஐரோப்பாவில் என்ன விளைவித்தது என்பதை நாம் அறிவோம். கத்தோலிக்கத் திருச்சபையே 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இப்பொதுப்பழியை நிராகரித்துவிட்டது. இரண்டாவது, கேட்பவனின் பாவமே கிறிஸ்துவைக் கொன்றது என்ற போதனை. தன்னாய்வுக்கு இது உதவலாம். ஆயின், கைகழுவிய பிலாத்து இதனால் ஏறத்தாழத் தப்பிவிடுகிறான். கரைவலை இழுத்துக் கைதேய்ந்தவனும் அவன் பிடித்த மீனுக்கு விலை வைப்பவனும் ஒரே அளவிற் குற்றவாளிகளாகிவிடுகின்றனர். அதிகாரத்தின் முகம் கண்ணீரில் மங்கிவிடுகிறது.

இங்கேதான் நம் காலத்து விவாதம் எழுகிறது. இலங்கையின் தீசா பாலசூரிய அடிகள் 1990இல் 'மரியாளும் மனித விடுதலையும்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று மரபான கோட்பாடுகளை மறுபரிசீலனை செய்த அந்நூல், கிறிஸ்துவைப் பற்றிய போதனையைக் குறைத்துவிட்டது என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின்பேரில் 1997 ஜனவரியில் அவர் திருச்சபையினின்றும் விலக்கப்பட்டார். ஓராண்டின் பின் அவ்விலக்கு நீக்கப்பட்டது. முதிய குரு ஒருவர்மீது தொடுக்கப்பட்ட அவ்வொறுப்பை எவரும் நியாயப்படுத்த முடியாது. சிந்தனையைத் தண்டிப்பது எச்சபைக்கும் அழகன்று.

ஆயினும், அதனையொட்டி நம் நண்பர் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர்: தெய்வமான யேசு ஆள்வோருக்கு உரியவர், மனிதரான யேசு உழைப்போருக்கு உரியவர் என்று. இம்முடிவு கவர்ச்சியானது. ஆனால், வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு அழுத மக்களின் உள்ளத்தை இது அறியாது. நல்லவன் ஒருவன் அநியாயமாகக் கொல்லப்பட்டான் என்பது ஏழைக்குப் புதிய செய்தியன்று. அவன் வாழ்நாளில் அதனைப் பன்முறை கண்டிருக்கிறான். கொல்லப்பட்டவன் கடவுள் என்பதே அவனுக்குச் செய்தி. தச்சன் வீட்டுக் கூரையும் வெறுங்காலும் பசியும் தனிமுதல்வனால் ஏற்கப்பட்டன என்றால், அவற்றை உடையவன் இழிந்தவனல்லன் என்பது பெறப்படும். தெய்வீகத்தை நீக்கிவிட்டு அவனிடம் நாம் நீட்டும் யேசு, அவனுக்கு அவனைப் போன்ற இன்னோர் ஏமாற்றப்பட்டவனே.

இந்நம்பிக்கை சமத்துவத்தைத் தானே கொண்டுவந்துவிடும் என்று நான் கூறவில்லை. தமிழகத்து வடக்கன்குளம் ஆலயத்துள் சாதியாரைப் பிரித்துநின்ற சுவர் 1910 வரை நிலைத்தது. கடவுள் மனித உடல் எடுத்தார் என்று ஓதியவர்களே சக மனிதனின் உடலைத் தீட்டென ஒதுக்கினர். கோட்பாடு கொடுப்பது ஓர் உரிமைப் பத்திரம். அதனைக் கையிலெடுத்து வழக்காடுவது மக்களின் வேலை.

அவ்வழக்கு இக்கரையில் நடந்திருக்கிறது. எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து 2012 பெப்ரவரி 15ஆம் நாள் சிலாபத்தில் மீனவர் திரண்டனர். அரச படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். அன்று புதன்கிழமை, அடுத்த புதன் விபூதிப் புதன். கத்தோலிக்கர் செறிந்த கரை அது. தவக்காலத்திற் சிலுவையின்முன் அழப் பழகிய மக்கள், வயிற்றுக்காக வீதியில் இறங்கவும் அறிந்திருந்தனர். சமயம் அபினி என்ற ஒற்றைச் சொல்லை மாத்திரம் மார்க்சிடமிருந்து கற்றோர், அச்சொல்லுக்கு முன்னே அவர் 1844இல் எழுதிய பெருமூச்சை மறந்துவிடுகின்றனர். ஆதிக் கிறிஸ்தவத்தைத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டு 1894இல் ஏங்கெல்ஸ் எழுதியதையும் மறந்துவிடுகின்றனர். மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்துத் தீர்ப்பு, பசித்தவனிலும் சிறைப்பட்டவனிலும் ஆண்டவனைக் காணச் சொல்கிறது. வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டவன் அத்தீர்ப்பையும் கேட்பானாகில், சிலாபத்து வீதியில் விழுந்தவன் எவனுடைய சாயல் என்று அவனுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

இன்னுமொன்று. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையிலான கரையோரக் கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் கடந்த நூற்றாண்டிலே தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறினர். பள்ளிக்கூட மொழி மாறியது. பின்னர் வீட்டு மொழியும் மாறியது. பேத்தியின் வாயிற் சிங்களமும் பாட்டியின் செபத்தில் தமிழுமாக நின்ற வீடுகள் இக்கரையிற் பல. மொழியால் மக்களைப் பகைவராக்கும் அரசியலுக்கு இவ்வீடுகள் விடைகூற இயலாத வினாக்கள். அவ்வீடுகளின் இரு தலைமுறைக்கும் அழுவதற்குச் சொல் கொடுத்தவர் ஒருவரே. கோவாவிலிருந்து வந்த அவ்வந்நியர், இத்தீவின் இருமொழியாருக்கும் ஒரே துயரை அவரவர் மொழியில் எழுதிவைத்தார்.

நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நூலைக் கையிலெடுக்க வேண்டும். சிங்களம் அறிந்தோர் துக்பிராப்தி பிரசங்கயவையும் அதனருகே வைத்துப் படிக்க வேண்டும். விசுவசிப்பதற்காக அன்று, நம் மக்கள் எதனை நம்பி, எதனைத் தாங்கி, எவ்விடத்தில் எழுந்து நின்றார்கள் என்பதை அறிவதற்காக. மக்களின் கண்ணீரைப் படிக்க மறுப்பவன் அவர்களுடைய கோபத்தையும் படிக்கமாட்டான்.